ஓய்வுக்குப் பிறகு ஆர்வியில் குடியிருந்து கேம்ப்கிரவுண்ட் ஹோஸ்ட் வேலை: செய்தவர்கள் யாராவது சொல்லுங்கள்

பிளேனோவாசி

எல்லோருக்கும் வணக்கம். வரும் மார்ச்சில் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறேன். எனக்கு 64, மனைவிக்கு 61. டாலஸ் பக்கம் பிளேனோவில் சொந்த வீடு, கடன் அடைத்தாகிவிட்டது. பிள்ளைகள் இருவரும் வேலை என்று ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள். இத்தனை பெரிய வீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்து என்ன செய்யப் போகிறோம் என்ற பேச்சு வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

போன நவம்பரில் வாடகைக்கு ஓர் ஆர்வி, அதாவது படுக்கை, சமையலறை, கழிவறை எல்லாம் உள்ள வண்டி, எடுத்துக்கொண்டு இன்க்ஸ் லேக் ஸ்டேட் பார்க்கின் கேம்ப்கிரவுண்டில் (டென்ட்டோ ஆர்வியோ போட்டுத் தங்குகிற இடம்) தங்கினோம். அங்கே ஹோஸ்டாக, அதாவது அங்கேயே தங்கி இடத்தையும் வருகிறவர்களையும் பார்த்துக்கொள்கிறவர்களாக, இருந்தவர்கள் விஸ்கான்சினிலிருந்து வந்த ஒரு தம்பதி. குளிர்காலம் முழுக்க டெக்சாஸில் பார்க் வேலை, அதற்குப் பதில் இலவச இடம், மின்சாரம், தண்ணீர். எழுபதைத் தாண்டியவர்கள், ஆனால் நடையில் அப்படி ஒரு சுறுசுறுப்பு. அன்றிலிருந்து என் மனைவிக்கு இதே நினைப்புதான். எனக்கும் ஆசை இருக்கிறது, கூடவே தயக்கமும் இருக்கிறது.

நம் ஆட்கள் யாராவது இதைச் செய்திருக்கிறீர்களா? ஆங்கிலத்தில் நிறையப் படித்துவிட்டோம். சாம்பார் சாதம் சாப்பிடுகிற வீடு அந்தப் பெட்டிக்குள் எப்படி ஓடும், கழிவறை கழுவச் சொல்வார்கள் என்கிறார்களே அது எந்த அளவுக்கு, மருத்துவக் காப்பீட்டுக்கு என்ன செய்வது, வீட்டை விற்பதா வைத்துக்கொள்வதா, இதெல்லாம் நம்மவர்கள் சொன்னால்தான் எங்களுக்குப் புரியும். நாங்கள் இருவரும் சைவம்.

நெல்லை_அத்தை

தம்பி, எனக்கு 69 வயது, அந்த உரிமையில் தம்பி என்கிறேன். நானும் எங்கள் வீட்டுக்காரரும் ஹூஸ்டன் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு இந்த வாழ்க்கைக்கு வந்தவர்கள். குளிர்காலத்தில் டெக்சாஸ் கடற்கரையில் ராக்போர்ட் பக்கம் கூஸ் ஐலண்ட் ஸ்டேட் பார்க். கோடையில் வெயிலுக்குத் தப்பி கொலராடோ மலையில் வனத்துறை கேம்ப்கிரவுண்ட். அதனால் எல்லா வசதியும் உள்ள இடமும் தெரியும், ஒன்றுமே இல்லாத இடமும் தெரியும்.

முதலில் இது வேலை என்பதில் இருவருக்கும் மனசு தெளிவாக இருக்க வேண்டும். டெக்சாஸ் ஸ்டேட் பார்க்கில் பொதுவாக வாரம் 25 மணி நேரம். அது ஆளுக்கா, ஜோடிக்கா, எந்தெந்த நாள் லீவு, இதெல்லாம் பார்க்குக்குப் பார்க் மாறும். போனில் பேசும்போதே கேட்டுவிடுங்கள், கேட்பதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சனி, ஞாயிறு, நன்றி நவிலும் நாள், ஈஸ்டர் எல்லாம் நமக்கு வேலை நாள். மற்றவர்கள் விடுமுறை கொண்டாட வரும்போதுதானே நாம் அங்கே தேவைப்படுகிறோம்?

காலையில் ஒரு சுற்று. யார் கிளம்புகிறார்கள், யார் தங்குகிறார்கள் என்று பார்த்துக்கொள்வது. மதியம் செக்-அவுட் முடிந்ததும் காலியான இடங்களைச் சுத்தம் செய்வது. மாலையில் புதிதாக வருகிறவர்களுக்கு இடம் காட்டுவது, ரிவர்ஸில் நிறுத்தத் தெரியாமல் தடுமாறுகிறவருக்குக் கை காட்டுவது. ராத்திரி பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது, அதற்கு ஒரு சுற்று. நடுவில் நம் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். பாத்ரூமில் வெந்நீர் வரவில்லை, சுத்தியல் இருக்கிறதா, பக்கத்தில் ஆஸ்பத்திரி எங்கே, எங்கள் நாய்க்குட்டியைப் பார்த்தீர்களா என்று ஆயிரம் கேள்வி வரும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அடுப்பு வளையத்தைச் சுத்தம் செய்வதுதான். ஒவ்வொரு இடத்திலும் தீ மூட்டுவதற்கு ஓர் இரும்பு வளையம் பதித்திருப்பார்கள். மேலே பார்த்தால் வெள்ளைச் சாம்பலாக ஆறிக் கிடக்கும். மண்வெட்டியை உள்ளே விட்டால் அடியில் கங்கு கண் விழித்துக்கொண்டிருக்கும். தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ச் சூடு துளியும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அள்ள வேண்டும். அள்ளுவது இரும்பு வாளியில் மட்டும். சாம்பலுக்குள் பாட்டில் மூடி, அலுமினியத் தாள், கண்ணாடிச் சில்லு எல்லாம் கிடக்கும். பழைய பலகையை யாராவது எரித்திருந்தால் ஆணிகள் மிஞ்சியிருக்கும். ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறேன், சாம்பல் மேல் மெதுவாக இழுத்தால் ஆணிகள் ஒட்டிக்கொண்டு வரும். அடுத்து வருகிற வீட்டுக் குழந்தை அதே மண்ணில் வெறுங்காலோடு ஓடப்போகிறது.

கழிவறை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆமாம், கழுவ வேண்டும். சில பார்க்கில் அதற்குத் தனி ஊழியர் உண்டு, பல இடங்களில் ஹோஸ்டுக்கும் பங்கு உண்டு. கையுறை, கிருமிநாசினி, நீளக் கைப்பிடி வைத்த பிரஷ், ஹோஸ் எல்லாம் அவர்களே கொடுப்பார்கள். கொலராடோவில் தண்ணீரே இல்லாத குழிக் கழிவறைதான். நிறைந்தால் லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகும். நாம் உட்காரும் இடத்தையும் தரையையும் துடைத்து, காகிதம் வைத்து, மூடியைச் சாத்திவிட்டு வர வேண்டும்.

ஊரிலிருந்து என் நாத்தனார் போனில், "இத்தனை படிச்சு அமெரிக்கா போனது கக்கூஸ் கழுவவா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குள் என்ன இருக்கிறது என்று நம் எல்லோருக்கும் தெரியும். அந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் சிலர் தலையில் கட்டிவிட்டு, நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கிப் போன ஊரிலிருந்து வந்தவர்கள் நாம். கூஸ் ஐலண்டில் எனக்கு அடுத்த இடத்தில் இருந்தவர் மினசோட்டாவில் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்தவர். காலை எட்டு மணிக்கு மாப்பும் வாளியுமாக அவர் போவார், வழியில் எல்லோருக்கும் குட் மார்னிங் சொல்வார், யாரும் அவரை ஒரு படி கீழே வைத்துப் பார்த்ததில்லை. நான் முதல் வாரம் கையுறையை மாட்டிக்கொண்டு நுழைந்தபோது எனக்குள் ஏதோ ஒன்று கழன்று விழுந்தது. நாத்தனாரிடமும் இதையேதான் சொன்னேன். உங்கள் இருவரில் ஒருவருக்கு இது ஒப்பவில்லை என்றாலும் அந்த மாதிரி இடத்துக்குப் போகாதீர்கள். வேறு பணிகளும் இருக்கின்றன.

அடுத்தது, ஹோஸ்ட் போலீஸ் இல்லை. அபராதம் போடவோ வெளியே அனுப்பவோ நமக்கு அதிகாரம் கிடையாது. விதியைச் சொல்லலாம், கேட்கவில்லை என்றால் பார்க் அதிகாரியான ரேஞ்சருக்கோ பார்க் போலீஸுக்கோ தகவல் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். யார் இடத்துக்குள்ளும் நேராக நடந்து போகக் கூடாது. சாலை ஓரத்தில் நின்று குரல் கொடுத்துக் கூப்பிட வேண்டும், அது அவர்கள் வீட்டு வாசல் மாதிரி. ஜெனரேட்டரை நிறுத்து என்றால் முறைப்பார்கள். "பக்கத்து டென்ட்டில் கைக்குழந்தை இப்போதுதான் தூங்கியது" என்றால் பெரும்பாலும் நிறுத்திவிடுவார்கள். குடித்துவிட்டுத் தகராறு என்றால் நான் கிட்டேகூடப் போக மாட்டேன், போன் மட்டும்தான்.

இனி சமையல். உங்கள் வீட்டு அம்மாவுக்கு இது முக்கியம். 30 ஆம்ப் இணைப்பு என்றால் மொத்தம் 3600 வாட். ஏசி ஓடினால் ஏறக்குறைய 1500, இன்டக்‌ஷன் அடுப்பு 1800, அதற்கே முடிந்தது. வாட்டர் ஹீட்டரும் மின்சாரத்தில் போட்டிருந்தால் பிரேக்கர் விழும். வீட்டுக்காரர் எலக்ட்ரிக்கல் ஆள் என்பதால் அடுப்புக்குப் பக்கத்தில் எதோடு எது ஓடலாம் என்று ஒரு தாள் ஒட்டி வைத்திருக்கிறார். 50 ஆம்ப் என்றால் 12,000 வாட், கவலையே இல்லை. ஆனால் அதற்கேற்ற பெரிய வண்டி வேண்டும். நாங்கள் இழுத்துப்போகிற டிரெய்லர்தான் வைத்திருக்கிறோம். அதைப் பார்க்கில் நிறுத்திவிட்டால் பிக்கப்பில் கடைக்குப் போய் வரலாம். தானே ஓடுகிற மோட்டார்ஹோம் வாங்கினால் பின்னால் ஒரு கார் இழுக்க வேண்டியிருக்கும். 26,000 பவுண்டுக்கு மேல் கனமான மோட்டார்ஹோமுக்கு டெக்சாஸில் கிளாஸ் பி லைசென்ஸ் வேண்டும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டேபிள் டாப் கிரைண்டர் 150 வாட்தான் இழுக்கும், அது நிம்மதி. மாவு கடற்கரைக் காற்றில் நன்றாகவே புளிக்கும். கொலராடோவில் ராத்திரி குளிரில் புளிக்காது, கம்பளியில் சுற்றி வைத்தாலும் அடுத்த நாள் மத்தியானம் வரை பொறுக்க வேண்டும். தாளிப்பை மட்டும் வெளியே வைத்துக்கொள்ளுங்கள். ஆர்வியில் புகை அலாரம் அடுப்பிலிருந்து கை எட்டும் தூரத்தில் இருக்கும், மிளகாய் வற்றல் போட்ட நொடியில் அலறும். வெளியே சிறிய கேஸ் அடுப்பு, அதில் எண்ணெய், கடுகு, கறிவேப்பிலை. வாசனைக்குப் பக்கத்து இடத்துக்காரர்கள் தட்டோடு வந்துவிடுவார்கள், அப்படித்தான் எங்களுக்குப் பாதி நட்பு கிடைத்தது. ஆனால் கரடி உள்ள மலையில் சமையல் முடிந்த கையோடு எல்லாவற்றையும் உள்ளே வைத்துப் பூட்ட வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு உள்ள வாணலியைக்கூட வெளியே விடக் கூடாது.

பாத்திரம் கழுவும் தண்ணீர் கிரே டேங்க்குக்குப் போகும். சாம்பாரும் கஞ்சியும் அதில் போனால் இரண்டே நாளில் நாறும். தட்டையும் குக்கரையும் முதலில் காகிதத்தால் வழித்துத் துடைத்துவிட்டுத்தான் கழுவ வேண்டும். கழிவறைத் தண்ணீர் பிளாக் டேங்க். அதன் வால்வைத் திறந்தே வைக்கக் கூடாது, தண்ணீர் மட்டும் ஓடிப்போய்க் கெட்டியானது அடியில் மலையாகக் குவிந்துவிடும். முக்கால்வாசி நிறைந்த பிறகு பிளாக்கை முதலில் திறந்துவிட்டு, அப்புறம் கிரேயைத் திறந்தால் சோப்புத் தண்ணீர் குழாயையும் கழுவிக்கொண்டு போகும்.

பருப்பு, புளி, நல்லெண்ணெய்க்கு மாதம் ஒரு தடவை சான் அன்டோனியோ போய் வருவோம். இரண்டரை மணி நேர ஓட்டம், கோயிலுக்கும் போய்விட்டு வரலாம்.

இத்தனை எழுதிவிட்டு, எதற்காக அங்கே திரும்பத் திரும்பப் போகிறோம் என்று சொல்லாமல் விட்டால் சரியாகாது. கூஸ் ஐலண்டில் ஓர் ஓக் மரம் இருக்கிறது, வயது ஆயிரத்துக்கும் மேல் என்கிறார்கள். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் ராக்போர்ட்டைப் புரட்டிப்போட்டபோது சுற்றியிருந்த இளம் மரங்கள் சாய்ந்தன, அது நின்றது. அந்த மரத்துக்குப் பக்கத்துப் புல்வெளிகளில்தான் குளிர்காலத்தில் ஹூப்பிங் கிரேன் என்கிற பெரிய கொக்குகள் வந்து இறங்கும். வெள்ளை வெளேரென்று, கிட்டத்தட்ட ஐந்தடி உயரம், தலையில் சிவப்பு. கனடாவின் வுட் பஃபலோ தேசியப் பூங்காவிலிருந்து 4,000 கிலோமீட்டர் பறந்து வருகின்றன. 1941ல் இந்தக் கூட்டத்தில் எஞ்சியிருந்தவை பதினைந்து, பதினாறு இருக்கும், அவ்வளவுதான். இப்போது 500ஐத் தாண்டிவிட்டன. அம்மா, அப்பா, நடுவில் இன்னும் பழுப்பு நிறம் போகாத ஒரே குஞ்சு என்று மூன்றாக நடந்து வரும். பள்ளிக் குழந்தைகள் வந்தால் பைனாக்குலரைக் கையில் கொடுத்து, சத்தம் போடாமல் பார்க்கச் சொல்லி நிற்க வைப்பது என் வேலை. இதற்காக நான் எத்தனை கழிவறை வேண்டுமானாலும் கழுவுவேன்.

ஜனவரியில் நார்தர் அடிக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். மத்தியானம் அரைக்கைச் சட்டையோடு இருப்பீர்கள், சாயங்காலம் வடக்கிலிருந்து காற்று இறங்கி எலும்பு நடுங்கும். அப்படி ஒரு ராத்திரி கடலோர இடத்தில் ஒரு சின்னக் குடும்பத்தின் டென்ட் கம்பி ஒடிந்துவிட்டது. வீட்டுக்காரர் அவர்களை மரங்களுக்குள் இருக்கிற காலி இடத்துக்கு மாற்ற அலுவலகத்தில் அனுமதி வாங்கினார், நான் ரசம் வைத்து பிளாஸ்கில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடலோர இடம் பார்க்க அழகு, குளிர்காலத்தில் மரத்தடி இடம்தான் சுகம். ஹோஸ்டுக்கு எதைத் தருகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கோவைக்காரன்_அரிசோனா

அத்தை சொன்னது அத்தனையும் அரசு பார்க்குக்குப் பொருந்தும். நான் ஓர் எச்சரிக்கை மட்டும் சொல்கிறேன்.

தனியார் ஆர்வி பார்க்குகளும் "ஹோஸ்ட் தேவை" என்று விளம்பரம் போடும். நாங்கள் அப்படி ஓர் இடத்துக்குப் போனோம், பெயர் வேண்டாம். ஆளுக்கு வாரம் 20 மணி நேரம், அதற்கு ஈடாக இடம் மட்டும். அந்த இடத்துக்கு மாத வாடகை 600 டாலர். இரண்டு பேருக்கு மாதம் 160 மணி நேரம். வகுத்துப் பார்த்தால் மணிக்கு 3 டாலர் 75 சென்ட். நாட்டின் குறைந்தபட்சக் கூலியே 7 டாலர் 25 சென்ட். லாபத்துக்காக நடக்கும் கம்பெனிக்குச் சம்பளம் இல்லாமல் தொண்டு செய்வது என்பதே தொழிலாளர் சட்டத்தில் கிடையாது. கூலி கொடுத்தாக வேண்டும். என் மனைவி மணிக்கணக்கை நோட்டில் எழுதி வைத்திருந்தாள், அதைக் காட்டிப் பேசியதும் மீதியைக் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள்.

வனத்துறை கேம்ப்கிரவுண்ட் பலவற்றைக் குத்தகைக் கம்பெனிகள் நடத்துகின்றன, அங்கே ஹோஸ்டுக்குச் சம்பளம் உண்டு. அது வேலை, அதில் தப்பில்லை. நீங்கள் தேடுவது தொண்டு என்றால் மத்திய அரசு இடங்களுக்கு வாலன்டியர் டாட் கவ் தளத்தில் பாருங்கள். தேசியப் பூங்கா, வனத்துறை, ராணுவப் பொறியாளர் படையின் ஏரிகள் எல்லாம் அதில் வரும். மாநிலப் பூங்காக்களுக்கு அந்தந்த மாநிலத் தளம். மத்திய அரசு இடத்தில் சேரும்போது ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார்கள், அதில் என்ன வேலை என்று எழுதியிருக்கும். எழுதியிருக்கும் வேலையைச் செய்யும்போது அடிபட்டால் அரசு ஊழியருக்கு உண்டான இழப்பீட்டுப் பாதுகாப்பு நமக்கும் உண்டு. அதனால் எழுதாத வேலையை, முக்கியமாக மரம் அறுப்பது, ஏணி ஏறுவது போன்றவற்றை, ஆர்வத்தில் இழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

மத்திய அரசுப் பூங்காக்களுக்கான சீனியர் பாஸ் வாங்கிவிட்டீர்களா சார்? 62 வயது ஆன குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் ஆயுளுக்கும் சேர்த்து 80 டாலர். மத்திய அரசு கேம்ப்கிரவுண்ட் பலவற்றில் பாதிக் கட்டணம். ஒரு பார்க்கிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற வழியில் தங்க அதுதான் எங்களுக்குக் கை கொடுக்கிறது. மாநிலப் பூங்காவில் செல்லாது.

ஓரிகன்_மல்லிகா

நான் ஆஸ்பத்திரி பில்லிங் பிரிவில் இருந்தவள், அதனால் காப்பீட்டைப் பற்றி மட்டும் முதலில்.

உங்களுக்கு 65 ஆகப்போகிறது. பிறந்த மாதத்துக்கு மூன்று மாதம் முன்பிலிருந்து மூன்று மாதம் பின்பு வரை, 65 வயதானவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில் சேரும் காலம். அப்போது தனியார் கம்பெனிகள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் எடுக்கச் சொல்லி நாலாப்பக்கமும் விளம்பரம் வரும். பல் வைத்தியம், கண்ணாடி எல்லாம் சேர்த்துத் தருவார்கள், பிரீமியமும் குறைவு. ஒரே ஊரில் இருப்பவர்களுக்கு அது சரி. ஆனால் அதில் பெரும்பாலும் ஊரைச் சுற்றியுள்ள டாக்டர்கள்தான் நெட்வொர்க். மாநிலம் மாநிலமாகச் சுற்றுகிறவர்களுக்கு அரசே நேராக நடத்தும் ஒரிஜினல் மெடிகேர், கூடவே அது கொடுக்காத மீதிச் செலவுக்கு ஒரு மெடிகேப் பாலிசி. மெடிகேர் வாங்குகிற எந்த மாநில டாக்டரிடமும் போகலாம். மெடிகேரில் டாக்டர் செலவைப் பார்க்கும் பார்ட் பி தொடங்கி, 65 ஆன பிறகு வரும் முதல் ஆறு மாதம்தான் மெடிகேப்புக்குப் பொன்னான காலம், உடம்பில் என்ன இருக்கிறது என்று கேட்காமல் கொடுத்தாக வேண்டும். அதை விட்டுவிட்டால் பல மாநிலங்களில் கேள்வி கேட்பார்கள், மறுக்கவும் செய்வார்கள்.

உங்கள் மனைவிதான் யோசிக்க வேண்டிய ஆள். 61 என்றால் இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. உங்கள் ஆபீஸ் பாலிசியை, வேலையை விட்ட பிறகும் நம் கைக்காசில் தொடர விடுகிற கோப்ரா சட்டத்தில் 18 மாதம் இழுக்கலாம், விலை அதிகம். டெக்சாஸில் மார்க்கெட்பிளேஸ் என்கிற அரசு காப்பீட்டுச் சந்தையில் கிடைக்கும் பாலிசிகள் பெரும்பாலும் எச்எம்ஓ, இபிஓ வகை, அதாவது அவர்கள் நெட்வொர்க்கில் உள்ள டாக்டர்களிடம் மட்டும்தான் போக முடியும். வெளி மாநிலத்தில் அவசரச் சிகிச்சை மட்டும் கொடுக்கும். அதனால் அவருக்கு 65 ஆகும்வரை டெக்சாஸுக்குள்ளேயே ஹோஸ்டாக இருங்கள் என்பது என் யோசனை. டெக்சாஸ் ஒன்றும் சின்ன மாநிலம் இல்லையே.

நானும் என் கணவரும் ஓரிகன் கடற்கரையில் கேப் பிளாங்கோவில் இருந்தோம். அங்கே எனக்குக் கழிவறை வேலை இல்லை, கலங்கரை விளக்கத்தைச் சுற்றிக் காட்டும் வேலை. 1870ல் ஏற்றிய விளக்கு. படியேறி மேலே போனால் லென்ஸ் கண்ணெதிரே இருக்கும், அதைத் தொட யாரையும் விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காற்று சும்மா அடிக்காது, கார் கதவைத் திறக்கும்போது கையால் பிடித்துக்கொண்டே திறப்போம். புடவைத் தலைப்பு நிற்காது. ஆனால் வருகிறவர்களிடம் பேசிப் பேசி என் ஆங்கிலக் கூச்சம் போனது அங்கேதான், முப்பது வருடம் ஆபீசில் இருந்தும் போகாத கூச்சம்.

இன்னொன்று, விறகு. ஊரிலிருந்து வண்டியில் விறகு ஏற்றிக்கொண்டு போகாதீர்கள், வருகிறவர்களிடமும் இதைத்தான் சொல்லச் சொல்வார்கள். எமரால்டு ஆஷ் போரர் என்று ஒரு பச்சை வண்டு, 2002ல் மிச்சிகனில் கண்டுபிடித்தார்கள். விறகோடு விறகாக ஊர் ஊராகப் பயணம் செய்து கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைத் தின்றுவிட்டது. 2022ல் எங்கள் ஓரிகனுக்கும் வந்துவிட்டது. இதைக் கேட்டால் எனக்கு வயிறு எரியும். எரிக்கிற இடத்திலேயே விறகை வாங்குங்கள்.

பிளேனோவாசி

அக்கா, மல்லிகா மேடம், கோவை சார், மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மனைவி ஒவ்வொரு வரியாக வாசித்துவிட்டு, மெடிகேப் விஷயத்தை உடனே நாட்காட்டியில் குறித்துவிட்டாள். கழிவறை பற்றி அக்கா எழுதியதை இருவரும் சேர்ந்து இரண்டு தடவை வாசித்தோம். ரொம்ப நேரம் பேசினோம். எங்கள் இருவருக்கும் அதில் தடை இல்லை என்று இப்போது சொல்ல முடியும்.

இன்னும் சில சந்தேகங்கள். மனைவிக்கு முழங்கால் வலி உண்டு, குனிந்து நிமிர்ந்து அதிக நேரம் வேலை செய்ய முடியாது. அவளுக்குக் கிரீன் கார்டுதான், நான் குடிமகன். மதுரையில் என் அம்மா தனியாக இருக்கிறார்கள், 86 வயது, வருடம் ஒரு தடவையாவது போய் இரண்டு மாதம் கூட இருந்துவிட்டு வர வேண்டும். இதற்கெல்லாம் இந்த வாழ்க்கை இடம் கொடுக்குமா? வீட்டை விற்க வேண்டாம் என்று மகன் அடித்துச் சொல்கிறான்.

நெல்லை_அத்தை

மகன் சொல்வதைக் கேளுங்கள் தம்பி. வீட்டை விற்காதீர்கள். இரண்டு பருவம் வாழ்ந்து பார்க்காமல் யாரும் விற்கக் கூடாது. சின்ன இடத்தில் இருபத்து நான்கு மணி நேரமும் இரண்டு பேர் முகத்தோடு முகம் இருப்பது எல்லா ஜோடிக்கும் ஒத்து வருவதில்லை. மழை பெய்து மூன்று நாள் உள்ளேயே அடைந்து கிடந்து பாருங்கள், தெரிந்துவிடும். எங்களுக்கு ஒத்து வந்தது, ஆனால் அவர் காலையில் மீன் பிடிக்கப் போய்விடுவார், அந்த இரண்டு மணி நேரம் வண்டி எனக்குச் சொந்தம். அந்த மாதிரி ஓர் ஏற்பாடு உங்களுக்கும் வேண்டும்.

வீட்டை வைத்திருந்தால் டெக்சாஸ் முகவரி, லைசென்ஸ், கார் பதிவு எதையும் மாற்ற வேண்டியதில்லை. முழுநேர ஆர்வி ஆட்கள் லிவிங்ஸ்டனிலோ சவுத் டகோட்டாவிலோ தபால் முகவரி எடுத்துக்கொண்டு படுகிற பாடு உங்களுக்கு இல்லை. மனைவிக்குக் கிரீன் கார்டு என்பதால் ஒன்று மட்டும் கவனம். வசிக்கும் முகவரி மாறினால் பத்து நாளுக்குள் குடிவரவுத் துறைக்கு ஏஆர்-11 படிவத்தில் தெரிவிக்க வேண்டும். வீடு வீடாகவே இருந்து நீங்கள் சில மாதம் பார்க்கில் இருந்துவிட்டுத் திரும்புவது எப்படிக் கணக்காகும் என்று ஒரு வக்கீலிடம் கேட்டுவிட்டால் நிம்மதி. ஹோஸ்டாக இருக்கக் கிரீன் கார்டு தடையில்லை, எங்கள் வீட்டுக்காரர் கிரீன் கார்டில் இருந்தபோதே தொடங்கியவர். சுற்றுலா விசாவில் வந்திருக்கிற சொந்தக்காரர்களை மட்டும் கூட மாட வேலைக்கு இழுக்காதீர்கள், இலவச இடத்துக்கு ஈடான வேலை என்பதால் அது அவர்களுக்குச் சிக்கலாகும்.

முழங்காலுக்கு: விண்ணப்பத்திலேயே உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். அலுவலகத்தில் பெர்மிட் கொடுப்பது, பார்க் கடையில் நிற்பது, பறவை பார்க்க வருகிறவர்களை அழைத்துப்போவது, மல்லிகா செய்த மாதிரி சுற்றிக் காட்டுவது என்று உட்கார்ந்தும் நின்றும் செய்கிற பணிகள் நிறைய உண்டு. அவர் அதைச் செய்யட்டும், நீங்கள் வளையமும் மண்வெட்டியும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்வி வாங்கும்போது கட்டிலின் மூன்று பக்கமும் நடக்க இடம் இருக்கிறதா, வாசல் படி எத்தனை என்று அவரை ஏறி இறங்கச் சொல்லிப் பார்த்து வாங்குங்கள். வெறும் போட்டோவில் இது தெரியாது.

மதுரைக்குப் போவது சுலபம். ஒரு பார்க்கில் ஒன்று முதல் மூன்று மாதம்தான் பேச்சு, இரண்டு பார்க்குக்கு நடுவில் போய்விட்டு வரலாம். ஆகஸ்ட், செப்டம்பர் போங்கள். டெக்சாஸ் கடற்கரையில் அப்போது புயல் காலம், வெயிலும் தாங்காது. அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று நடுவில் போன் வந்தாலும் சூப்பர்வைசரிடம் சொன்னால் அனுப்பிவிடுவார்கள். என் மாமியார் தவறியபோது மறுநாள் காலையே கிளம்பினோம், எங்கள் டிரெய்லரை அங்கேயே விட்டுப் போகச் சொல்லி, திரும்பி வரும்வரை பார்த்துக்கொண்டார்கள்.

விண்ணப்பத்தை இப்போதே போடுங்கள். டிசம்பர் முதல் மார்ச் வரையுள்ள இடங்களுக்கு வடக்கிலிருந்து வருகிற வின்டர் டெக்ஸன்கள் ஒரு வருடம் முன்பே பேசி வைத்துவிடுவார்கள். முதல் தடவைக்கு அக்டோபர், நவம்பர் கேளுங்கள். கூட்டமும் குறைவு, கொக்குகளும் அப்போதுதான் வரத் தொடங்கும். போனில் பேசி முடித்த பிறகு, பின்னணிச் சோதனைக்குச் சம்மதம் கேட்டு ஒரு படிவம் வரும், அதற்கு இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். ஒத்துக்கொள்வதற்கு முன்னால் ஒரு தடவை அந்த பார்க்கில் சாதாரண ஆளாகப் பணம் கட்டி இரண்டு ராத்திரி தங்குங்கள். அங்கே இப்போது இருக்கிற ஹோஸ்ட்டிடம் சூப்பர்வைசர் எப்படிப்பட்டவர் என்று மெதுவாகக் கேளுங்கள். கூஸ் ஐலண்டுக்கு வருவதாக இருந்தால் எனக்குத் தனி மடல் அனுப்புங்கள், சாப்பாடு எங்கள் இடத்தில்.